விநாயகமூர்த்தி அண்ணனின் நாற்காலி

கியாக்டடா, ரங்கூன்
ஜனவரி 8, வியாழக்கிழமை

அன்பு மகன் யாசருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் உயிரோடும் ஓரளவு பல்லோடும் இருக்கிறோம். நீயும் நாஜியாவும் பேத்தி ஸமீராவும் சுகம்தானா என்று கேட்பது முறை, ஆனால் சுகமில்லை என்று நாஜியா அனுப்பிய குரல் பதிவை உன் உம்மா கேட்டுவிட்டாள், அவள் கேட்டால் நான் கேட்ட மாதிரி, நான் கேட்டால் இந்தக் கட்டடமே கேட்ட மாதிரி, அதனால் அந்தக் கேள்வியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. ரங்கூனில் சிக்னல் போவது சரி, அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிற உனக்கு ஏனப்பா போகிறது. காகிதத்தில் ஹலோ ஹலோ என்று கத்தித் தப்பிக்க முடியாது. எழுதி முடித்ததும் பால்கனிக் கயிற்றில் கவ்வி போட்டுக் கீழே இறக்குவேன், முதல் மாடி சமீனா எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து நாஜியாவுக்கு அனுப்புவாள். உனக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும், பர்மிய எழுத்துத்தான் ஓடும், ஆகவே கீழக்கரைக்காரி நாஜியா உனக்கு வாசித்துக் காட்டட்டும். நடுவில் எழுந்து போகாதே.

இருபதாம் தேதிக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாம். வேலையை விட்டுத் துரத்தப்பட்ட உன் பெரிய கோச்சுக்கு அரிசோனாவில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, வா என்று கூப்பிடுகிறார், நீ பெட்டி கட்ட நினைக்கிறாய். நீ இப்போது இருக்கிற இண்டியானா ஊரிலேயே ஒரு சின்னக் கல்லூரி, எங்கள் ஃபுட்பால் டீமுக்கு நீயே தலைமைக் கோச்சாக வா என்று கேட்கிறது, அதற்கு நீ வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் நாஜியா சொன்னாள். அழவில்லை, அழுதிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், மருந்துக் கடையில் நின்று சீட்டைப் படிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். மாமி, இந்தத் தடவை அவர் போனா அவர் மட்டுந்தான் போவார், நானும் புள்ளையும் வரல என்றாள். உன் உம்மா போனைக் கீழே வைத்துவிட்டுச் சட்டியில் கருகிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்தபடி நின்றாள். அடுப்பை அணைத்தது நான்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன்னிடம் வருகிறேன். உம்மாவுக்கு வலது முழங்கால் வீக்கம், நாலு மாடி ஏறி இறங்க முடியாது, ஆகவே உலகத்தோடு அவள் தொடர்பெல்லாம் அந்தக் கயிறு வழியாகத்தான், காய்கறிக்காரியோடு கயிற்றிலேயே பேரம் பேசுகிறாள், பிடிக்காத கத்தரிக்காய் கயிற்றிலேயே திரும்பிப் போகிறது. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், கரண்ட் அந்தத் தாளைப் படிப்பதில்லை. வந்தவுடன் ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரைப் போடுவது என் வேலை. பூட்டுக் கடை நன்றாக நடக்கிறது, ஊரில் பயம் கூடினால் பூட்டு விற்கும், அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. கடையில் நான் தனி ஆள்தான், வேலைக்கு இருந்தவர்கள் தாய்லாந்து போய்விட்டார்கள். பக்கத்துக் கடை பர்மியக்காரர் வழக்கம்போல தினமும் ஊ காஜா என்று என்னைக் கூப்பிட்டு, சயா சுகமா என்று உன்னை விசாரிக்கிறார். மகன் அமெரிக்காவில் காலேஜில் இருக்கிறான் என்று ஒரு தடவை சொன்னேன், அவர் நீ வாத்தியார் என்று நினைத்து உன்னை சயா ஆக்கிவிட்டார், நான் திருத்தவில்லை. திருத்தி என்ன சொல்வது.

என்ன சொல்வது என்று நீயே யோசித்துப் பார். பத்தொன்பது வயதில் மிங்கலாடோனில் உன்னை விமானம் ஏற்றிவிட்டேன், கம்ப்யூட்டரும் புள்ளிவிவரமும் படிக்கப் போனாய். இரண்டு வருஷம் கழித்து ஒரு படம் அனுப்பினாய், மைதானத்து ஓரத்தில் ஒரு இரும்புக் கூண்டு, அதன் உச்சியில் கேமராவோடு நீ, பனியில் மூக்கு சிவந்து நிற்கிறாய். பயிற்சியைப் படம் பிடிக்கிற வேலையாம். பகுதி நேரம்தான் வாப்பா, சாப்பாட்டுக்கு ஆகும் என்றாய். நானும் நம்பினேன். படிப்பு முடிந்ததும் இறங்கி வருவாய் என்று பார்த்தால் அங்கேயே மேல்படிப்பு உதவியாளர் என்று ஒரு பேர் வாங்கினாய், எதிராளி எப்படி நிற்பான் என்று அட்டையில் வட்டமும் பெருக்கல் குறியும் போடுவது, பெரியவர்களுக்குக் காப்பி வாங்குவது, விமான நிலையத்தில் பையன்களை ஏற்றி இறக்குவது. பிறகு குவாலிட்டி கன்ட்ரோல் என்றாய். நான் லைங் தாயாவில் தையல் ஃபாக்டரிகளுக்குப் பூட்டு சப்ளை செய்தவன், அங்கே குவாலிட்டி கன்ட்ரோல் பார்க்கிற பெண்களை எனக்குத் தெரியும், பத்து மணி நேரம் நின்று ஒவ்வொரு சட்டையிலும் பொத்தான் இழுத்துப் பார்ப்பார்கள், அவர்கள் கையில் கடைசியில் ஒரு சட்டையாவது இருக்கும். நீ மூன்று வருஷம் இருட்டறையில் உட்கார்ந்து எதிராளி டீமின் பழைய ஆட்டங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்தாயே, உன் கையில் என்ன இருந்தது. அதற்கப்புறம்தான் கோச் என்ற பேரே வந்தது, அதுவும் முழு டீமுக்கு இல்லை, பந்தோடு ஓடி வருகிறவனை நடுவில் நின்று விழுத்தாட்டுகிற நாலைந்து பையன்களுக்கு மட்டும். பிறகு தடுப்பு ஆட்டம் முழுவதற்கும் பொறுப்பு. பதினான்கு வருஷத்தில் நீ ஏறிய படி இவ்வளவுதான்.

பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டு ஃபுட்பால் என்று அமெரிக்கர்கள் பேர் வைத்திருக்கிற அந்த ஆட்டத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கீழே தெருவில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரம்புப் பந்தைக் கால் முட்டியால், குதிகாலால் கீழே விழாமல் கால் மணி நேரம் தட்டுகிறார்கள், அவர்களுக்குக் கோச்சும் கிடையாது தொப்பியும் கிடையாது. உன் ஆட்டத்தில் ஐந்து விநாடி முட்டிக்கொள்கிறார்கள், அரை நிமிஷம் எழுந்து நின்று யோசிக்கிறார்கள். யோசிப்பதற்கு ஒரு பெரிய அட்டை, அந்த அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேச்சு, யாராவது உதட்டைப் படித்துவிடுவார்களாம், பாதுகாப்பு மந்திரிகள் என்று நினைப்பு. ஒரு சமயம் நீ டிவியில் வரப்போகிறாய் என்று சொன்னதால் உன் உம்மா சமீனாவையும் கூட்டி உட்கார வைத்தாள், நீயும் வந்தாய், தலைக்கு மேல் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தாய், அதில் ஒரு யானையும் அன்னாசிப் பழமும் ஒரு செருப்பும் இருந்தன. இது டீமுக்கு ரகசிய செய்தியா என்று கேட்டால், இல்லை வாப்பா, என்னுடையது எதிராளியை ஏமாற்றுவதற்கு, உண்மை செய்தி பக்கத்தில் நிற்பவர் அட்டையில் என்றாய். பொய் அட்டை தூக்குவதற்கு ஒரு பட்டதாரி. நான் இதையெல்லாம் பார்ப்பதில்லை, உன் உம்மா பார்க்கும்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். போன அக்டோபரில் மூன்றாவது முயற்சியில் எதிராளிக்கு எட்டு கஜம் வேண்டியிருந்தபோது எல்லாப் பையன்களையும் முன்னால் அனுப்பிப் பின்பக்கத்தைத் திறந்து போட்டாயே, அதுவும் அப்படிக் கண்ணில் பட்டதுதான். பூட்டுக் கடைக்காரனுக்கே தெரியும் பின்கதவை யாரும் திறந்து போட மாட்டார்கள் என்று.

உன் பெரிய கோச்சுக்கு நான் வைத்த பேர் தொப்பிக்காரர், வேறு பேர் எனக்கு வாயில் வரவில்லை, தொப்பி இல்லாமல் ஒரு நாளும் அந்த மனிதரைப் பார்க்கவில்லை. அவர் ஆட்டத்தின்போது கோபம் வந்து கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் போய்விடுவாராம், போனால் டீமுக்குத் தண்டனையாம், அதனால் பின்னாலேயே ஒருவன் நின்று அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இரண்டு வருஷம் அந்த ஒருவன் நீ. உலகத்தில் இப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே எனக்குத் தெரியாது. ஐம்பத்தைந்து வயது மனிதருக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாதா, அவர்தான் பையன்களுக்கு ஒழுக்கம் சொல்லித் தருகிறாரா. உன் உம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பாருங்க, புள்ள அவர் கீழ விழுந்துறாமப் புடிச்சிக்கிறான், நல்ல மனசு என்றாள். அன்றைக்கு மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸை அப்படியே மூடி வைத்துவிட்டேன். இன்றைக்கும் அந்தப் படம்தான் கண் முன்னால் வருகிறது, நீ எவ்வளவு பெரிய பொறுப்புக்கு வந்தாலும் எனக்கு உன் கை அந்த பெல்ட்டில்தான் இருக்கிறது.

அவர் லூசியானா போனார், நீ போனாய். ஒஹையோவில் துரத்தப்பட்டார், நீயும் துரத்தப்பட்டாய். பெரிய கோச்சை அனுப்பினால் கூட இருந்த பத்துப் பேரும் போக வேண்டும் என்பதுதான் அங்கே வழக்கம் என்று நீ எனக்கு விளக்கினாய், ஏதோ பெரிய தர்மத்தைச் சொல்கிற குரலில். எங்கள் பக்கம் கடை கைமாறினால் புது முதலாளி முதலில் கேட்பது பழைய ஆட்கள் இருக்கிறார்களா என்றுதான், ஏனென்றால் எந்த ஆணி எந்தப் பெட்டியில் என்று அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் ஊரில் ஆணி தெரிந்தவனையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுக் கடையைப் புதிதாகத் திறக்கிறார்கள், இரண்டு வருஷத்தில் மறுபடி மூடுகிறார்கள், இதற்குக் காரணம் சனிக்கிழமை சனிக்கிழமை தோற்றது. பையன்களும் அப்படியே, இந்த வருஷம் உன்னிடம், அடுத்த வருஷம் வேறு காலேஜ். அந்தப் பையன்களைப் பிடிக்க நீ ஊர் ஊராகப் போய் அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அவர்கள் தாய்மாரிடம் உங்கள் பிள்ளையை என் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வேன் என்று சொல்கிறாயாமே. உன் பிள்ளையை நீ எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று அந்தத் தாய்மார் ஒருத்தியும் கேட்பதில்லையா.

கேட்காவிட்டால் நான் சொல்கிறேன். பத்து வயது, நாலு பள்ளிக்கூடம். போன மாதம் உம்மாவோடு வீடியோவில் பேசும்போது ஸமீராவின் அறை தெரிந்தது, சுவர் வெறுமையாக இருந்தது. நீ அந்தப் பூனைப் படமெல்லாம் ஒட்டலையா கண்ணு என்று உம்மா கேட்டாள். இல்ல பெத்தும்மா, கழட்டுறப்ப சுவர்ல பெயிண்ட் வருது, உம்மா அந்த வீட்டுக்காரங்ககிட்ட பதில் சொல்லணும் என்றது பிள்ளை. வருத்தமாகச் சொல்லவில்லை, பழகிப்போன மாதிரி சொன்னது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாஜியா ஒவ்வொரு மாநிலத்திலும் மருந்தாளர் உரிமத்துக்குப் புதிதாகச் சட்டப் பரீட்சை எழுதி, புதிதாக ஆஸ்பத்திரி தேடி, அங்கே நாலு பேர் பழக்கமாகும்போது நீ பெட்டியை இறக்குகிறாய். எனக்கு உன் ஆட்டம் புரியாது, ஆனால் அந்த வீட்டில் தோற்றுக்கொண்டிருப்பது யார் என்று புரிகிறது.

இப்போது நவம்பருக்கு வருகிறேன். தொப்பிக்காரரை நீக்கினார்கள், இன்னும் மூன்று ஆட்டம் பாக்கி. கல்லூரியில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி உன்னைத்தான் முதலில் கூப்பிட்டாராம், இந்த மூன்று ஆட்டத்துக்கும் நீ தலைமை தாங்கு, நன்றாகப் போனால் நிரந்தரமாகப் பார்க்கலாம் என்றாராம். இதை நீ எங்களிடம் சொல்லவே இல்லை, இரண்டு மாதம் கழித்து நாஜியா சொல்லித்தான் தெரியும். நீ என்ன பதில் சொன்னாய்? என்னைப் பழக்கியவர் இருந்த இடத்தில் நான் உட்கார மாட்டேன் என்றாய். அந்த அமெரிக்கர் உன்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார், அவர் வாழ்நாளில் இப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்க மாட்டார், அங்கே எல்லாரும் சந்தோஷமாக உட்காருவார்கள், உட்காருவதுதான் அங்கே மரியாதை. நீ மறுத்த ஒரு மணி நேரத்தில் தாக்குதல் ஆட்டத்தைக் கவனிக்கிற அந்த மீசைக்காரரைக் கூப்பிட்டார்கள், அவர் கண் இமைக்காமல் உட்கார்ந்தார், மூன்றில் இரண்டு ஜெயித்தார், நாற்காலி அவருக்கே ஆயிற்று. உட்கார்ந்ததும் உன்னையும் உனக்குக் கீழே இருந்த நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். அந்த நாலு பேரில் ஒருவன் மனைவிக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்ததாம். நீ உட்கார்ந்திருந்தால் அந்த நாலு பேரும் வேலையில் இருந்திருப்பார்கள். உன் பெரிய மனசுக்கு அவர்கள் ஏனப்பா பட்டினி கிடக்க வேண்டும். தொப்பிக்காரருக்காவது இதனால் ஏதாவது லாபமா? அவருக்கு நீ மறுத்ததே ரொம்ப நாள் தெரியாதாம், தெரிந்ததும், ஓ, நீ எடுத்திருக்கலாமே என்றாராம்.

இதுவரை உன்னைத் திட்டினேன், திட்டுவது சுலபமாக இருந்தது. இதற்கு மேல் எழுத வேண்டியதற்காக இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நாஜியாவின் பதிவில் கடைசியாக ஒரு வாக்கியம் இருந்தது. எங்க வாப்பாவும் இப்படித்தான் செஞ்சாங்க, அதான் நானும் செஞ்சேன் என்று அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னார் என்றாள். உம்மா உடனே என் பக்கம் திரும்பி, பாத்தீங்களா, உங்க புள்ள என்று கண் கலங்கிச் சிரித்தாள். நான் எழுந்து தண்ணீர் மோட்டாரைப் பார்க்கிற மாதிரி போய்விட்டேன். கரண்டே இல்லாத நேரம்.

நீ பிறந்ததிலிருந்து கேட்ட கதை அது. தெரியாதவர் யார், நம் ஜமாஅத்தில் எனக்கு நாற்காலியில் உட்காராத காஜா என்றே பேர், கல்யாண வீட்டில் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டி இன்னமும் சொல்கிறார்கள். ரஹ்மத்துல்லா முதலாளியின் இரும்புச் சாமான் கடை. அதில் மேனேஜர் விநாயகமூர்த்தி அண்ணன், கல்லாவுக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த தேக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பதினாறு வயதில் கடைக்கு வந்த எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் திருகாணி அளவு சொல்லக் கற்றுக் கொடுத்தவர். முதலாளியின் மருமகனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை, ஒரு காலையில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, காஜா, நாளையிலேருந்து நீ அதுல உக்காரு என்றார். என்னைப் பழக்குனவர் உக்காந்த நாற்காலியில நான் உக்கார மாட்டேன் என்று சொல்லி, அவரோடேயே படி இறங்கி வந்துவிட்டேன். முதலாளி கண் கலங்கினார் என்பதும் உண்மை. இந்தக் கதை இந்த இடத்தில் முடியும், எல்லாரும் மாஷா அல்லாஹ் என்பார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன். முப்பத்தேழு வருஷமாகக் குனிந்துகொண்டிருக்கிறேன்.

மீதியைக் கேள். அந்த நாற்காலியில் உட்காருகிறவன்தான் லைசென்ஸ் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். துறைமுகத்தில் சரக்கு நின்றால் அவன்தான் போய்ப் பெரிய அதிகாரி முன்னால் பர்மிய பாஷையில் பதில் சொல்ல வேண்டும். ஏதாவது தப்பு என்றால் கூப்பிடப்படுகிற பேர் அவன் பேர். பதினேழு வருஷம் நான் அந்தக் கடையில் எல்லாம் செய்தேன், தாள் எழுதினேன், சரக்கு எண்ணினேன், அதிகாரிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்கே எடுத்துக் கொடுத்தேன், ஆனால் கீழே கையெழுத்து அவருடையது. அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. முதலாளி உக்காரு என்றதும் எனக்கு அண்ணன் ஞாபகம் வரவில்லை யாசர். அந்தக் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது. முழங்கால் ஆடியது, உட்கார முடியாது என்று சொல்ல ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது, வாயில் வந்தது அது. சொன்ன பிறகு எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில் அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் சூலே பக்கம் ஒரு டீக்கடையில் அண்ணனும் நானும் உட்கார்ந்தோம், அவர் என்னைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டீயைக் குடித்து முடித்து, கிறுக்கா காஜா நீ, நீ அங்க உக்காந்திருந்தா எனக்கு அந்தக் கடையில ஒரு ஆளாவது இருந்திருக்கும், சின்னதா ஒரு கடை போட்டாக்கூட உங்கிட்ட சரக்கு எடுத்திருப்பேன், இப்ப நாம ரெண்டு பேரும் தெருவுல, நானா இருந்தா உக்காந்திருப்பேன் என்றார். இரண்டு மாதத்தில் திருச்சிக்குப் போய்விட்டார். கதையின் இந்தப் பாதியை நான் உன் உம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அதற்கப்புறம்தான் இந்தப் பூட்டுக் கடை, ஒரு ஸ்டூல், ஒரு ஆள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத வியாபாரம். நான் உன்னை இவ்வளவு கேவலமாகப் பேசுகிறேனே, பதினான்கு வருஷமாக உன் தொழிலைக் கண்டால் எனக்கு ஏன் இப்படி எரிகிறது என்று உனக்குத் தோன்றியிருக்கும். அந்த பெல்ட்டைப் பிடித்து நிற்கிற ஆளை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான்.

அதனால் உன்னை ஒன்று கேட்கிறேன், எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், உனக்கே சொல்லிக்கொள். தோற்றால் தொப்பிக்காரர் தோற்றார், பத்திரிகையில் அவர் பேர், நீ பின்னால் நிழலில் நிற்கலாம். அரிசோனாவுக்குப் போகத் துடிப்பது நன்றியா, அந்த நிழலா? நன்றி என்றால் அவர் மகள் கல்யாணத்துக்குப் போ, வருஷத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணு, அவருக்கு துஆ செய். அதற்குப் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. அந்தச் சின்னக் கல்லூரியில் விளையாடுவதற்காக யாருக்கும் இலவசப் படிப்பு கிடையாதாம், தலைமைக் கோச்சே கோடு போட்டு, சட்டை துவைத்து, மூட்டை தூக்க வேண்டுமாம், பார்க்க வருகிறவர்கள் பையன்களின் பெற்றோர் மட்டும்தானாம், அதைச் சொல்லும்போது உனக்கு இளக்காரம் என்றாள் நாஜியா. இளக்காரப்படுகிற உரிமை இந்தக் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான், நீ அதை எடுத்துக்கொள்ளாதே. உன் ஆட்டம் எனக்கு இன்றைக்கும் கேலிதான், நாளைக்கும் கேலிதான், நீ ஜெயித்தாலும் அந்த அட்டையைப் பார்த்துச் சிரிப்பேன். ஆனால் தோற்கிற பேர் உன் பேராக இருக்கட்டும். நான் எழுபது வயதில் இதை எழுதுகிறேன், என் பேரில் ஒரு தோல்விகூடக் கிடையாது, அதைவிடக் கேவலம் ஒன்றும் இல்லை.

இந்தத் தாளை சமீனா படம் பிடிக்கும்போது கட்டாயம் படிப்பாள், சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குள் கட்டடத்துக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் கயிற்றில் இறக்குகிறேன். உறையில் போட்டு ஒட்டலாமா என்று யோசித்தேன், ஒட்டினால் மறுபடி அதே ஆள்தான் நான். உன் உம்மாவுக்கு மட்டும் இறக்குவதற்கு முன்னால் நானே வாசித்துக் காட்டிவிடுகிறேன், அவள் கயிறு வழியாகக் கேட்க வேண்டாம்.

அல்லாஹ் உன்னையும் நாஜியாவையும் பிள்ளையையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கட்டும், உனக்கு உடம்பில் சுகத்தையும் முழங்காலில் கொஞ்சம் உறுதியையும் கொடுக்கட்டும், ஆமீன். குளிரில் காதை மூடிக்கொள், தொப்பி வேண்டாம், மஃப்ளர் போதும். இருபதாம் தேதி மறக்காதே, உங்கள் இருபதுக்கு முன்னாலேயே எங்களுக்கு இருபது வந்துவிடும், நாங்கள் காலையிலிருந்தே காத்திருப்போம். ஸமீராவிடம் தாத்தா சொன்னார் என்று சொல், அந்தப் பூனைப் படங்களையெல்லாம் சுவரில் ஒட்டட்டும், நல்ல பசை போட்டு ஒட்டட்டும், பெயிண்ட் போனால் போகட்டும்.

இப்படிக்கு,
நாற்காலிக்குப் பயந்த உன் வாப்பா
காஜா மைதீன்